சொல் தெளிந்தால் பொருள் தெளியும்



'அதருமம்' என்றவுடன் பாவம் என்றே பலரும் கொள்வர். ஆறு திரவியங்களைக் கூறுமிடத்தோ, தருமம் என்பது உயிரும் புற்கலமும் இயங்கத் துணைநிற்பது, மீனுக்கு நீர்போல. அதருமம் அவை நிலைநிற்கத் துணையாவது, வழிப்போக்கர்க்கு நிழல்போல. அங்கே புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. இதனை அறியாத இளைஞர், உலகெங்கும் அதருமம் பரந்துள்ளது என்று படித்தால், உலகமே பாவத்தால் நிறைந்தது என மயங்குவர்.

சமணச் சான்றோராகிய மண்டலபுருடர், தம் சூடாமணி நிகண்டின் 12 தொகுதிகளுள் 11ஆவதை, ஒருசொல் பலபொருள் தருவதற்கென்றே வகுத்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவர் அந்நூலை மனனம் செய்தனர். இன்று இல்லந்தோறும் நிகண்டோ அகராதியோ இருத்தல் வேண்டும். வாதிடுமுன், 'இச்சொல் இவ்விடத்து எப்பொருளது?' என வினவுதல் வேண்டும். நன்ஞானம் அவ்வினாவில் தொடங்கும்.