விதையும் வடிகாலும்



ஐப்பசி பிறந்தால் காவிரி டெல்டாவில் நமக்கு உறக்கம் போய்விடுகிறது. வடகிழக்குப் பருவமழை நமக்குப் புதிதா? மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியது இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்க்கிறதே, அதுதான் புதிது. மூழ்கிய நாற்று என்ன செய்கிறது? மூச்சுக்காக நீருக்கு மேலே தலைநீட்டப் பார்க்கிறது. விறுவிறுவென்று உயர்ந்து, சேர்த்துவைத்த சத்தையெல்லாம் அதிலேயே தீர்த்துவிடுகிறது. தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகுகிறது.

ஒடிசாவில் ஒரு நெல் உண்டு. வெள்ளம் மூடினால் வளர்வதையே நிறுத்திக்கொள்ளும். சத்தைக் காத்துக் கிடக்கும். நீர் வடிந்ததும் துளிர்க்கும். அதிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் எப்.ஆர். 13ஏ. வெள்ளம் தாங்கும் அதன் மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். 2009-இல் அந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்-1 நெல் உழவர் கைக்கு வந்தது. பிறகு நம் சம்பாப் பட்டத்து சி.ஆர். 1009-லும் அந்தக் குணத்தைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கிறது! அந்த விஞ்ஞானிகளைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் ஒடிசா உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த விதையை எடுத்து வைத்திராவிட்டால், ஆய்வுக்கூடம் எதை வைத்து ஆராய்ந்திருக்கும்?

பழைய நெல் விதைகளைக் காத்த நம் நெல் ஜெயராமன் செய்ததும் அதுதான். 2006-இல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கியது. இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்; அவ்வளவுதான் ஏற்பாடு. வெள்ளத்திலும் ஆளுயரம் நிற்கும் காட்டுயானமும், உப்பு நிலம் தாங்கும் குழியடிச்சானும் அப்படித்தான் மறுபடி வயலேறின. கஜா புயல் அடித்த மறுமாதம், 2018 டிசம்பரில், அவர் நம்மை விட்டுப் போனார்.

பழைய ரகத்தில் விளைச்சல் குறைவுதான். மறைப்பானேன்? அந்தக் குறைவை விதை காக்கிற ஒரு குடும்பம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? அது ஊருக்கே காவல் காக்கிறது. அதற்குரிய ஊக்கத்தொகையை அரசு தரவேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சப்-1 விதைக்கும் தவணை ஏறத்தாழ இரண்டு வாரம்தான். அதற்குப் பிறகும் வயலில் தண்ணீர் நின்றால்? தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைக் கேட்டு வாங்குகிறோம்; கொண்டுபோகும் வடிகாலை மறந்துவிடுகிறோம். வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கிற வடிகாலில் எந்த வெள்ளம் வடியும்?

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போங்கள். ஊரின் வடிகால்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஐப்பசிக்கு முன்னே தூர்வாரத் தீர்மானம் போடுங்கள். விதை காப்பவருக்கு ஊக்கத்தொகை கேட்டு இன்னொரு தீர்மானம். எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், எந்த ஊரானாலும் நான் வருகிறேன்.