பட்டாளத்து வீட்டுப் புகார்



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார் என்றால் பெண் வீட்டார் அதிகம் விசாரிப்பதில்லை. மத்திய அரசு சம்பளம், கேன்டீன் கார்டு, பிற்காலத்தில் பென்ஷன். மில் வேலையையும் மழையை நம்பிய விவசாயத்தையும் பார்த்து வளர்ந்த ஊர்களுக்கு இவை பெரிய விஷயங்கள். நாட்டுக்காக நிற்கிறவர் என்ற மரியாதை அதற்கு மேல். அந்த மரியாதையில் யாருக்கும் குறை இல்லை. ஆனால், லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது அவர் மனைவியைக் கை நீட்டி அடித்தால், அந்தப் பெண் எங்கே போய்ச் சொல்வது? சொன்னால் என்ன நடக்கும்? இன்று இதைத்தான் பேசப்போகிறேன்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரால் வன்முறையை அனுபவித்தவர்கள். அடிபட்ட பெண்களில் வெளியே உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 14 பேர்தான். பட்டாளத்து வீடுகள் மட்டும் இந்தக் கணக்குக்கு விலக்கு என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

அந்த வீடுகளில் வாயைத் திறக்காமல் இருக்கத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பெற்ற தாயே சொல்வார்: "கம்ப்ளெயின்ட் கிம்ப்ளெயின்ட்னு போயி அவரு வேலைக்கு வேட்டு வச்சுராத தாயி. நாளைக்கு உன் பிள்ளைக்கு யாரு சோறு போடுவா?" மாமியார் வீட்டில் இதுவே மிரட்டலாக வரும். இரண்டு பக்கமும் நம்புவது ஒன்றைத்தான்: புகார் கொடுத்தால் வேலை போய்விடும். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

முதலில் ஊரில் இருக்கும் வழி. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது.

'அடித்தது பஞ்சாபில், ஃபேமிலி குவார்ட்டர்ஸில். அங்கேதான் போய்ப் புகார் கொடுக்கணும்' என்று சிலர் சொல்லி அனுப்புவார்கள். அது சரியில்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அந்தப் பெண் இப்போது தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். குற்ற வழக்குக்கும், புகுந்த வீட்டை விட்டு வந்து அவள் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே புகார் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனு போட்டால் உடனே கைது கிடையாது. அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு விரட்டக் கூடாது, செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கொடுமை செய்ததாகத் தனியே குற்ற வழக்கும் போடலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 498-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாகியிருக்கிறது. அதிலும் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் போலீசாருக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது.

சரி, லீவு முடிந்து அவர் காஷ்மீருக்குப் போய்விட்டார். சம்மனை யாரிடம் கொடுப்பது? வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வர வேண்டியதில்லை. அரசு ஊழியருக்கான சம்மனை அவர் அலுவலகத் தலைவருக்கு அனுப்பலாம். பட்டாளத்தில் அந்தத் தலைவர் யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர். கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. அதற்கு யூனிட் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பல பெண்களிடம் இருப்பது கணவரின் செல்போன் நம்பர் மட்டும்தான். படை எண், ரேங்க், பெயர், யூனிட், அதன் கீழே கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) அல்லது 99 ஏ.பி.ஓ. என்று முடியும் அந்தச் சின்ன முகவரியை ஒவ்வொரு பட்டாளத்து மனைவியும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பது நல்லது. சண்டை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இப்போது யூனிட்டின் பக்கம். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் குடும்ப வன்முறை என்று பெயர் சொல்லி ஒரு குற்றம் கிடையாது. ஆனால் ஒழுங்குக்குக் கேடு என்று 63-ஆம் பிரிவு இருக்கிறது. ஊர்ச் சட்டத்தில் குற்றமாக இருப்பது பட்டாளத்திலும் குற்றம் என்று 69-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கை ராணுவ நீதிமன்றம் விசாரிப்பதா, ஊர் நீதிமன்றம் விசாரிப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை 125-ஆம் பிரிவின்படி மேலதிகாரிகளுக்கு உண்டு. அதற்காகத்தான் மாஜிஸ்திரேட் கமாண்டிங் ஆபீசருக்கு எழுத்தில் தகவல் கொடுத்து 15 நாள் காத்திருக்கிறார்.

தண்டனை என்றால் வேலை நீக்கம் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். சிப்பாய்க்கு 28 நாள் வரை ராணுவக் காவலில் சிறை கொடுக்க கமாண்டிங் ஆபீசருக்கே அதிகாரம் உண்டு. பெரிய தண்டனைகள் நடத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும்; பட்டாளத்தில் 'ரெட் இங்க்' என்பார்கள். நான்கு சிவப்பு விழுந்தாலும் தானாக வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது, சூழ்நிலையைப் பார்க்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகித் தண்டனை வந்தால் நீக்கவும் இடம் உண்டு. அது கடைசிப் படி. முதல் படியிலேயே வேலை போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் நடுவில் இருக்கும் படிகளை மறைத்துவிடுகிறார்கள்.

பெண்ணுக்கு உடனே உதவும் படி ஒன்றும் அதில் இருக்கிறது. மனைவி மக்களைப் பராமரிக்காத ராணுவ வீரரின் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்க ராணுவச் சட்டத்தின் 90, 91-ஆம் பிரிவுகள் வழி செய்கின்றன. 2001-ஆம் ஆண்டு ராணுவ உத்தரவுப்படி மனைவிக்கு 22 சதவீதம் வரை, ஒவ்வொரு குழந்தைக்கும் 5.5 சதவீதம், எல்லாம் சேர்த்து 33 சதவீதத்துக்கு மிகாமல். கமாண்டிங் ஆபீசருக்கு மனு எழுதுவதில் இது தொடங்குகிறது. அவர் வேலையில் இருக்க இருக்கத்தான் இந்தப் பணம் வரும். ஆகவே புகார் கொடுக்கும் பெண்ணின் நோக்கம் வேலையைக் கெடுப்பது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் சிக்கல்? புகார் யூனிட்டுக்குப் போனதும், 'குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று முடித்துவிடும் பழக்கம்தான் சிக்கல். குடும்பங்களைக் கவனிக்க 1966 முதல் ராணுவ மனைவியர் நலச் சங்கம் இருக்கிறது. நல்ல பணிகள் பல செய்திருக்கிறது. ஆனால் யூனிட் அளவில் அதை நடத்துபவர் பெரும்பாலும் கமாண்டிங் ஆபீசரின் மனைவி. கணவரின் மேலதிகாரி வீட்டம்மாவிடம் முதுகைக் காட்டித் தழும்பைச் சொல்ல எந்தச் சிப்பாயின் மனைவிக்குத் துணிச்சல் வரும்?

இன்னொன்றையும் பாருங்கள். கள்ள உறவு குற்றமில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, படைகளுக்கு அது பொருந்தக் கூடாது, ஒழுங்கு கெட்டுவிடும் என்று பாதுகாப்பு அமைச்சகம் நீதிமன்றம் போனது. படைகள் நடவடிக்கை எடுக்க அந்தத் தீர்ப்பு தடையில்லை என்று 2023 ஜனவரியில் விளக்கமும் வந்தது. சக அதிகாரியின் மனைவி விஷயத்தில் ஒழுங்கைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் படை, தன் சொந்த மனைவியை அடிப்பவர் விஷயத்திலும் அதே கவலையைக் காட்ட வேண்டாமா?

அமெரிக்காவில் 2019 முதல் குடும்ப வன்முறை ராணுவச் சட்டத்திலேயே தனிக் குற்றம். அதற்கு முன்பும் அவர்கள் தண்டித்திருக்கிறார்கள். 2012-இல் விமானப்படை வீரர் ஒருவர் மனைவியையும், அவளுடைய சின்னஞ்சிறு மகனையும் தாக்கியதற்காக ராணுவ நீதிமன்றம் ஓராண்டு சிறை விதித்தது. ஆனால் அந்தத் தண்டனை விவரத்தை அந்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் பட்டியலுக்கு விமானப்படை அனுப்பவில்லை. பட்டியலில் பெயர் இல்லாததால் கடையில் அவருக்குத் துப்பாக்கி தாராளமாகக் கிடைத்தது. 2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, டெக்சஸ் மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் அவர் சுட்டதில், வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 பேர் பலி. குற்றத்தில் 60 சதவீதப் பொறுப்பு விமானப்படையுடையது என்று 2021-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். தண்டனை கொடுத்துவிட்டு அதைப் பதிவு செய்து அனுப்பாமல் விட்டதற்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

நம் ஊருக்கும் அதே பாடம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு யூனிட்டின் கோப்பில் ஏற வேண்டும். யூனிட் எடுத்த நடவடிக்கை நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டும். நடுவில் எந்த இடத்தில் காகிதம் நின்றாலும், அடுத்த லீவில் அடி வாங்கப்போவது அதே பெண்தான்.

ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு: வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மகளிர் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். 'சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதி வாங்கினால் அதன் நகலையும் வாங்குங்கள். காயத்துக்கு அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, எப்படிப் பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிச் சீட்டு வாங்குங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சம்பவ அறிக்கை எழுதுவது அவர் வேலை. கமாண்டிங் ஆபீசருக்கு எழுதும் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ஒரு நகலை ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கும் அனுப்புங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது.

பெற்றவர்களுக்கு: மருமகன் வேலையைக் காப்பாற்ற மகளை அடி வாங்க விடாதீர்கள். அந்த வேலையைக் காப்பாற்ற வேண்டியது, கையை அடக்க வேண்டிய அவர்தான்.

ராணுவ அதிகாரிகளுக்கு: வந்த கடிதத்துக்கு எண் போட்டுப் பதிவு செய்யுங்கள், பதில் எழுதுங்கள்.

பெண்கள் உதவி எண் 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. இரண்டையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.