போன ஜென்மத்துப் பாவமா?



காலையில் குன்னத்தூரில் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. முழங்கால் வலியோடு படியேறும் செக்கிங் அக்கா, "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுனனோ" என்று முனகுகிறார். கழுத்தில் சிலுவை போட்டிருக்கும் பக்கத்து சீட்டுக்காரரும் தன் கஷ்டத்துக்கு இதையேதான் சொல்வார். பேச்சு வழக்கு அப்படி. ஆனால் அவருடைய திருச்சபை போன ஜென்மத்தை ஏற்பதில்லை. மனிதர் இறப்பது ஒரே முறை, அதன்பின் தீர்ப்பு என்கிறது விவிலியத்தின் எபிரெயர் நிருபம், 9ஆம் அதிகாரம்.

அப்படியானால் இறைவாக்கினர் எலியாதான் திருமுழுக்கு யோவானாகப் பிறந்தார் என்று சிலர் சொல்கிறார்களே? யோவானிடமே கேட்டார்கள், 'நான் எலியா இல்லை' என்றார். அதோடு, விவிலியக் கதைப்படி எலியா சாகவே இல்லை. சூறாவளியில் விண்ணுக்குப் போனவர். சாகாதவருக்கு மறுபிறவி ஏது?

இந்த வாதம் தமிழிலும் பழசு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். சேலம் வரை கொங்குப் பக்கமும் நடந்தார். மறுபிறவியை மறுத்து 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்றொரு நூலையே தமிழில் எழுதினார்.

மறுபிறவிக்கும் உயிர்த்தெழுதலுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பனியன் தொழிலிலிருந்தே பார்க்கலாம். கட்டிங் வேஸ்ட்டைப் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் ஓட்டுகிறார்கள். பஞ்சு பழசு, துணி புதுசு. மறுபிறவி ஏறக்குறைய அப்படி: உயிர் ஒன்று, உடல் பல. கிறிஸ்தவர் சொல்லும் உயிர்த்தெழுதலுக்குத் திருத்தூதர் பவுல் காட்டும் உவமை விதை. மண்ணில் விழுந்த கோதுமை மணி வேறு உருவில் எழும்; ஆனால் முளைத்தது அந்த மணிதான். ஓர் ஆளுக்கு ஒரே வாழ்வு; எழுவதும் அதே ஆள்.

சரி, அக்காவின் முழங்கால் வலிக்கு என்ன பதில்? பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, "இவர் பாவமா, பெற்றவர் பாவமா?" என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. கணக்குப் பார்க்கவில்லை, கண்ணைத் திறந்துவிட்டார்.

மறுபிறவியை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனசு. நாளைக் காலை அந்த அக்கா வேனில் ஏறும்போது, கையில் இருக்கும் சாப்பாட்டுப் பையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.