பலர் புழங்கும் கணிப்பொறி



நம் சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் இருப்பது ஒரே கணிப்பொறி; அதனை நாடி வரும் மாணவ மாணவியர் இருபதின்மர். இல்லத்தில் கணிப்பொறி உடையார்க்கு வட்டு நிரம்புதல் சிறு செய்தி. நம் பிள்ளைகட்கோ, அன்றைய கல்லூரி விண்ணப்பமே நின்று போகும். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

ஒரு பொறியைப் பலர் பகிர்ந்துகொள்வது புதுமையன்று. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், அவ்வழியிலேயே வளர்ந்தது. அதனைப் பின்பற்றிய லினக்ஸில் மென்பொருள் பெரும்பாலும் 'யூ.எஸ்.ஆர்.' என்னும் பொதுக் கோப்புறையில் அமரும். அவரவர் எழுத்தும் படமும் 'ஹோம்' என்னும் கோப்புறையில் அவரவர் பெயரின்கீழ்த் தங்கும். விண்டோசிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்.

நிறுவும்பொழுதுதான் விழிப்பு வேண்டும். நிரல் எழுத உதவும் 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' என்பதற்கு விண்டோசில் தனியாள் நிறுவி, பொது நிறுவி என இருவகை உண்டு. முன்னதை இயக்கினால் அம்மென்பொருள் நிறுவியவர் கணக்கில் மட்டுமே இருக்கும். அடுத்து வரும் மாணவி காணாது திகைத்துத் தாமும் தனியே நிறுவுவார். 2 ஜிகாபைட் கொள்ளும் ஒரு மென்பொருளை இருபதின்மரும் இவ்வாறு நிறுவினால் 40 ஜிகாபைட் போயிற்று. நிர்வாகி ஒருமுறை பொதுவில் நிறுவினால் இரண்டோடு முடிந்தது.

இனி, திரைப்படங்களைச் சேர்த்து வட்டை அடைப்பவர் செய்தி. (அவர்களும் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள்!) ஆளுக்கு இவ்வளவு என்று இடத்தை வரையறுக்க லினக்ஸில் 'கோட்டா' உண்டு. மென்வரம்பு 4 ஜிகாபைட், வன்வரம்பு 5 ஜிகாபைட் எனக் கொள்வோம். மென்வரம்பைக் கடந்தவர்க்கு வழக்கமாக ஏழு நாள் தவணை. அதற்குள் குறைத்துக்கொள்ள வேண்டும். வன்வரம்பிற்கு மேலோ ஓர் எழுத்தும் ஏறாது. இருபதின்மர்க்கும் சேர்த்து 100 ஜிகாபைட். 256 ஜிகாபைட் வட்டில் எஞ்சியது இயங்குதளத்திற்கும் பொது மென்பொருளுக்கும் தாராளம். குப்பைத் தொட்டியில் இட்டவுடன் இடம் மீண்டதாக எண்ணற்க. தொட்டியைக் காலி செய்யும் வரை அஃது அவர் கணக்கிலேயே நிற்கும்.

நிர்வாகியின் கடவுச்சொல்லை யார் வைத்திருப்பது? பொதுச் சொத்தின் திறவுகோல் ஒரே கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை நம் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இருவரிடம் இருக்கட்டும், அவருள் ஒருவர் மாணவியாக இருக்கட்டும். அவ்விருவரையும் இன்று மாலையே தேர்ந்தெடுக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.