பப்பாளியில் மாவுப்பூச்சியா? மருந்தடிக்க அவசரப்படாதீர்!

(வானொலி உரை)



காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்குள்ளே தறியும், ஊருக்கு வெளியே கொஞ்சம் கழனியுமாக வாழ்கிற குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுத் தோட்டங்களில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு பப்பாளி, பூஜைக்கு ஒரு செம்பருத்தி, நாலு கத்தரிச் செடி இருக்கும். அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த வீட்டு அம்மா பப்பாளியைக் காட்டி, "சார், யாரோ அரிசி மாவைக் கொட்டின மாதிரி இருக்குது பாருங்க. நெல்லுக்கு அடிச்ச மருந்து மிச்சம் இருக்குது, அதையே அடிச்சிடட்டுங்களா?" என்று கேட்டார்.

"அடிக்காதீங்கம்மா" என்றேன். மரத்துக்கு நாலு அடி தள்ளிக் கிணறு. மரத்தடியில் கன்றுக்குட்டி. பழத்தைத் தின்னப் போகிறவர்கள் அவருடைய பேரப் பிள்ளைகள். இது ஒரு காரணம். அந்த மருந்தால் பூச்சி குறைவதற்குப் பதில் கூடும் என்பது இன்னொரு காரணம்.

இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டுப் பூச்சி அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் கண்டுபிடித்தார்கள். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று பரவியது. மல்பெரி இலை போனால் பட்டுப்புழு பட்டினி. அப்புறம் தறிக்கு நூல் ஏது? விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேலிருக்கும் மெழுகு மாவு மருந்தை உள்ளே விடவில்லை. அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிகள்தாம் செத்தன.

பிறகு 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைத் தருவித்து, பெங்களூரில் சோதித்து, தமிழ்நாட்டில் விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது நன்றாக நிலைத்தது. பெயர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இராது, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளே முட்டையிடும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது.

ஆகவே முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் உப்பிக் காய்ந்த கூடுகள் தெரிந்தால் குளவி வேலை செய்கிறது, வேப்பெண்ணெய்கூட வேண்டாம். மாவுப்பூச்சியைப் போலவே வேஷம் போட்டு, அதைவிடப் பெரிதாக இருக்கிற புழுக்களும் உண்டு. அவை மாவுப்பூச்சியைத் தின்பவை, நசுக்கிவிடாதீர்கள். அதில் ஒரு வகை பட்டாம்பூச்சியாக மாறும். அதன் கூட்டுப்புழுவுக்கு அசல் குரங்கு முகம்! பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கூடு எதுவும் தென்படாவிட்டால், அதிகம் தாக்கிய இலைகளை வெட்டி எரியுங்கள். மற்றவற்றின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலக்கி, முதலில் ஓரிரு இலையில் அடித்துப் பாருங்கள். இலை கருகாவிட்டால் சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கலாம்.

எறும்பை மறந்துவிடக் கூடாது. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை விரட்டும். மரத்தைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, துணியின் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவ வேண்டாம். சுவரில் உரசும் இலையையும் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

குளவி இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், பூச்சியுள்ள ஒரு துண்டு இலையைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை நெருக்கமான துணியால் கட்டி நிழலில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கடுகைவிடச் சிறிய குளவிகள் பறப்பது தெரியும். தெரிந்தால் அதே மரத்தடியில் திறந்துவிடுங்கள். தெரியாவிட்டால் பாட்டிலில் வெந்நீரை ஊற்றிக் கொட்டிவிடுங்கள்.