நன்றி வேறு, தயவு வேறு!

(புல்மோட்டையில் ஹஜ்ஜுப் பெருநாள் மாலை நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பெருநாள் மாலையில் பேச அழைக்கப்பட்டவன், வட்டிலப்பத்தின் இனிப்போடு இனிப்பாக இரண்டு சொற்கள் கூறிவிட்டு அமர்ந்துவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது. ஆனால், இடர்க்காலத்தில் நன்றி கூறுவது பற்றிப் பேசுமாறு பணித்துவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சம் 2022 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாளுக்கே ஓடுகிறது.

அந்தப் பெருநாளை மறந்தவர் இவ்வூரில் உண்டோ? மார்ச் 31 இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டோம். ஏப்ரல் 12 இல், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு கைவிரித்தது. ஜூன் 27 இலோ, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவர்க்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லையென அறிவித்தார்கள். தடை நீங்குமென்று அவர்கள் குறித்த நாளே நமது பெருநாள்! அதற்கு முதல் நாள் கொழும்பிலே மக்கள் வெள்ளம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. மாளிகைக்கு உரியவர் நாட்டைவிட்டே சென்று, 14 ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து பதவி துறந்தார்.

இங்கே, திருகோணமலைப் பட்டினத்திற்கு 50 கிலோமீட்டருக்கு அப்பால், நாம் எப்படி இருந்தோம்? மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் மணலிலே கிடந்தன. கிண்ணியாவில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, பிறந்த வீட்டிற்கு வராத முதற் பெருநாள் அது. எரிவாயு இல்லை; உம்மா விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தார். ஆயினும் மகளுக்கென வழக்கம்போல் ஒரு பங்கை எடுத்து வைத்தார். "அவள் வரமாட்டாளே, உம்மா!" என்றேன். மறுமொழி இல்லை. சிறிது நேரங்கழித்து, பெற்றோல் செட்டின் வரிசையில் நான்கு நாட்களாகக் காத்துக் கிடந்த ஒரு லொறிச் சாரதிக்கு அந்தப் பங்கைச் சோற்றோடு கொண்டுபோகச் சொன்னார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் அரைகுறை. அவர் உண்டார், நான் நின்றேன். பிறகு அவர் தம் போத்தலிலிருந்த தண்ணீரை ஊற்றிக் கிண்ணத்தைத் தாமே கழுவித் தந்தார். உம்மாவிடம் கிண்ணத்தைக் கொடுத்தபோது, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். யாருக்கு யார் நன்றி சொன்னார்கள் என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை!

அன்று மாலை வீட்டிலே ஒரு வாக்குவாதம். "நன்றி செலுத்துகின்றவன் குறை கூறக்கூடாது, அரசைப் பற்றி வாய் திறவாதே!" என்றார் என் மாமா. "நன்றி சொல்ல என்ன இருக்கிறது, மாமா?" என்று சினந்தான் என் தம்பி. இருவருமே தவறினார்கள் என்பது என் கருத்து. ஆனால் மாமாவின் தவறே பெரிது என்பேன்.

ஏன்? 2009 மார்ச் மாதத்தை எண்ணிப் பாருங்கள். புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில், குண்டடிபட்ட தமிழ் மக்கள் இந்தக் கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்திய மருத்துவக் குழுவினர் இதே புல்மோட்டையில் கள மருத்துவமனை அமைத்து அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். காயம் ஆறியவர் மருத்துவருக்கு நன்றி கூறுவார், கூறவேண்டும். அதற்காகக் குண்டுக்கும் நன்றி கூறவேண்டுமா? கை வைத்தியனை வணங்கும்போது, காயப்படுத்தியது எது என்று வாய் கேட்கக்கூடாதா?

2022 இன் பஞ்சம் வானத்திலிருந்து விழுந்ததன்று. 2023 நவம்பர் 14 இல் நாட்டின் உயர் நீதிமன்றமே, ராஜபக்ச சகோதரர்களும் நிதித்துறை அதிகாரிகள் சிலரும் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் எனத் தீர்ப்பளித்தது. மனிதர் செய்த வினையை இறைவனின் சோதனையென்று மட்டும் சொல்லி மூடிவிட்டால், அது சுக்ர் ஆகாது. அச்சம் என்றே அதற்குப் பெயர்.

பெருநாள் கழிந்து ஆறு வாரத்தில், 87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆயிற்று. வள்ளக்காரன் வயிற்றில் அடித்தார்கள். இங்கே காலடியிலே இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன்! அரைநூற்றாண்டிற்கு மேலாக அள்ளப்படும் மணல். உலகச் சந்தைக்குச் செல்லும் மணல். அந்தச் செல்வம் பிறக்கும் ஊரார் ஒரு நிவாரணப் பொதிக்காகப் படத்திற்கு முகங்காட்டி நிற்பதா? நமக்கு உரியதைத் தரும்போது அது தயவாகுமா? குர்பானியிலே ஏழையின் பங்கு ஏழைக்கு உரியது. கொடுப்பவன் அதைச் சொல்லிக் காட்டினால் கொடையே பாழ். இது பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த பாடமாயிற்றே!

தம்பிக்கும் ஒரு சொல் உண்டு. வரிசையிலே நின்ற சாரதி கழுவித் தந்த கிண்ணத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவ்வளவே.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். தங்கை இவ்வாண்டு நேற்றிரவே வந்துவிட்டாள். பிள்ளைகளோடு பின்வரிசையில்தான் இருக்கிறாள். உம்மா மட்டும் இன்னும் ஒரு பங்கைத் தனியே எடுத்துத்தான் வைக்கிறார். பெற்றோல் செட்டில் இப்போது யாரும் காத்திருப்பதில்லை, உம்மா என்றாலும் கேட்பதில்லை. அதைக் கொண்டுபோக நான் எழவேண்டும்.