மலட்டுத்தனம் யாருக்கு?



பிள்ளையில்லாத குடும்பங்களைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். அதில் ஆண்பிள்ளையின் விந்தைச் சோதிக்கும் விஷயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். இது கூச்சப்பட வேண்டிய சங்கதியென்று சிலர் நினைக்கலாம். மருமகளை "மலடி" என்று நடுத்தெருவில் நிறுத்தி ஏசும்போது வராத கூச்சம் இங்கு வருவானேன்? மலடன் என்றொரு வார்த்தையும் தமிழில் இருக்கத்தான் இருக்கிறது. அதை யாரும் வாயில் எடுப்பதில்லை.

கலியாணமாகி வருஷமொன்றாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையென்றால், அரசமரத்தைச் சுற்றுவதும் மண்சோறு தின்பதும் பெண்ணுக்கு. அது பழைய மூடத்தனம், இப்போது டாக்டரிடமல்லவா போகிறோம் என்பீர்கள். அங்கும் அந்த அம்மாள்தான் முதலில் போகிறாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் பிடிப்பது எல்லாம் ஆன பிறகும், புருஷன் ஒரு சின்னக் குப்பியில் விந்து கொடுக்க மறுத்து, "எனக்கென்ன குறை?" என்று உட்கார்ந்திருப்பார். அந்தக் குறை மீசையைப் பார்த்தோ படுக்கையறைச் சாமர்த்தியத்தைக் கொண்டோ தெரிகிற காரியமல்ல. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் புருஷன் பக்கத்திலும் காரணம் இருக்கிறது.

விந்தணுவை 1677-லேயே ஹாலந்து தேசத்து லேவன்ஹூக் என்பவர் பூதக்கண்ணாடியில் கண்டுவிட்டார். இன்று அதற்கு அளவுகோல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு மில்லி விந்தில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், நூற்றுக்கு 42 அசைவன, அவற்றில் 30 முன்னேறி நீந்துவன, சரியான உருவமுடையன நூற்றுக்கு 4. இது ஏதோ தலைவிதிக் கோடு என்று பயப்படாதீர்கள். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைச் சோதித்து, அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் எந்த அளவுக்குக் கீழே நின்றார்களோ, அதையே கோடாக வைத்தார்கள். ஆகவே கோட்டுக்குக் கீழே தகப்பன்மார்களும் உண்டு. மேலே பிள்ளையில்லாதவர்களும் உண்டு. ஒரே தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதமாகிறது. நடுவில் கடுங்காய்ச்சல் வந்தாலே எண்ணிக்கை குறையும்.

நிற்க, இந்தக் கணக்கு சிகிச்சைக்கு எப்படி உதவுகிறது? எந்த வழியில் போவது என்பதை அது காட்டுகிறது. ஓரளவு நீந்தும் அணுக்கள் இருந்தால், விந்தைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்திப் பார்க்கலாம். மிகக் குறைந்திருந்தால் அதில் பணமும் மாதங்களும் வீண். 1978-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்த முறையில், கண்ணாடித் தட்டிலாவது விந்தணு தானே முட்டைக்குள் புகவேண்டியிருந்தது. 1992-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர்கள், ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திப் பிள்ளை பிறந்ததை வெளியிட்டார்கள். விந்தில் அணுவே இல்லாத சிலருக்குக்கூட விரையிலிருந்து எடுத்துச் செய்கிறார்கள். விந்து நன்றாயிருக்கிறவருக்கு இந்த ஊசி கூடுதல் பலன் தருவதில்லையென்றும் கண்டிருக்கிறார்கள். சோதனைத் தாள் கையிலிருந்தால் "எதற்கு ஐயா இது?" என்று கேட்கலாமல்லவா?

அணு குறைந்தவருக்கும் வழியிருக்கும்போது, வெற்றி தோல்வி பெரும்பாலும் எதில் நிற்கிறது? முட்டையின் வயதில். பெண்ணுக்கு 35 வயது தாண்டினால் வாய்ப்பு வேகமாய்க் குறைகிறது. 40-க்கு மேல் தன் முட்டையால் பிள்ளை பெறுவது மிகக் கடினம். அவளுடைய 33-வது வயதில் கொடுக்க வேண்டியதைப் புருஷன் கௌரவம் பார்த்து 38-ல் கொடுத்தால், அவருடைய அணுக்கள் அப்படியேயிருக்கலாம், அவளுடைய முட்டைகள் காத்திரா. ஐந்து வருஷம் தாமதித்தவர் ஒருவர், தோற்ற பிறகு பழியைச் சுமப்பவள் இன்னொருத்தி.

ஆகையால் வாலிபர்களே, மனைவியை டாக்டரிடம் அனுப்புகிற முதல் நாளே நீங்களும் கூடப் போங்கள். அவளுக்கு ஊசி குத்துமுன் உங்கள் சோதனையை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் உறவில்லாமல் இருந்துவிட்டுப் போனால் போதும். வேறு விரதம் வேண்டியதில்லை.